பழுது ஏற்பட்ட விதம்

ஸ்ரீ சௌடேஸ்வரி துணை

அருப்புக்கோட்டை
14-6-1972

அன்புள்ள அண்ணனுக்குப் பாலாமணி எழுதுவது. நீங்களும் மதினியும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கும் எல்லாரும் சுகம், உங்கள் ரேடியோவைத் தவிர.

"எங்கள் கம்பெனி செட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, ஒரு வருஷம் காரண்டி" என்று சித்திரையில் எழுதினீர்களே, அந்த நாதமணி ரேடியோ இரண்டு மாதம் பாடியது. போன வாரம் முதல் பாட்டு வைத்தால் தகரத்தில் மணல் கொட்டுவது போலக் கரகரத்தது. நேற்று அதுவும் நின்றுபோனது. கடைக்கார இன்பராஜிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "தெறந்தா காரண்டி போயிரும் தங்கச்சி. கம்பெனிக்குத்தான் அனுப்பணும். ஆடி முடியட்டும்" என்றார். "விக்கிற அன்னைக்கு மாசம் பாத்தா வித்தீக?" என்று கேட்டேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் அத்தை, "பாட்டுக் கேக்காட்டி ஒனக்குச் சோறு எறங்காதோ" என்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு அவருடைய இரண்டு விசைத்தறிகளின் சத்தம் போதும். எனக்கு ரேடியோ வேண்டும் அண்ணா. ஜோதிலிங்கம் அந்தப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து உட்கார்ந்து அழுகிறான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காரண்டி அட்டையை வாசித்துக் காட்டவா?

மற்றபடி அவன் சுகம். ஓடுகிறான், விழுகிறான், எழுகிறான். இரண்டு தறியும் ஓடும்போது பக்கத்துத் தொட்டிலில் அசையாமல் தூங்குகிறான். "தறிக்காரன் பிள்ளைன்னா இப்பிடியில்ல இருக்கணும்" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வருகிறார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. ஆண்பிள்ளைக்கு மெதுவாகத்தான் வருமாம்.

உடனே பதில் எழுதவும்.

கோபத்தோடு,
பாலாமணி

*

சென்னை
26-6-1972

கோபக்காரத் தங்கைக்கு அண்ணன் வெங்கடரமணன் எழுதுவது. உன் கடிதத்தை எடுத்தபோதே கை சுட்டது. நாம் தெலுங்கில் பேசித் தமிழில் எழுதுகிறவர்கள். நீ தெலுங்கில் திட்டுவதைவிடத் தமிழில் திட்டுவது நன்றாக உறைக்கிறது. மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். செட்டையும் காரண்டி அட்டையையும் இதையும் சேர்த்து லாரி பார்சலில் அனுப்பு. 'வாங்கியவர் பெயர்' என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயரை எழுத வேண்டும். 'ஜோதிலிங்கத்தின் தகப்பனார்' என்று எழுதினால், அப்படி ஒருவருக்கு நாங்கள் ரேடியோ விற்கவில்லை என்று பதில் வரும்.

'பழுது ஏற்பட்ட விதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில்தான் கவனம் வேண்டும். நான் உட்கார்ந்திருப்பது புகார்ப் பிரிவு. ஊரிலுள்ள கதையெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வருகிறது. வீரசோழனில் ஒரு கடைக்காரர் செட்டுக்குள் பல்லி வெந்து கிடந்தது. 'பின்பக்கம் ஓட்டை வைத்துப் பல்லியை அழைத்தது கம்பெனி' என்று எழுதியிருந்தார். பந்தல்குடி லாரி டிரைவர் வீட்டுச் செட்டை லாரி பேட்டரியில் மாட்டிவிட்டு, 'செட்டுக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை' என்றார். ஒருவர் ஆயுத பூசைக்குச் செட்டின் தலையில் சந்தனத் தண்ணீர் ஊற்றிவிட்டு, 'பூசை செய்யக் கூடாது என்று அட்டையில் போடவில்லையே' என்று கேட்டார். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர் பரிசோதகர் சங்கையா. திருச்சுழிக்காரர்தான். ஆனால் ஊர்ப்பாசத்தைப் பார்த்து ஸ்குரூ கழற்றுகிறவர் இல்லை. ஆகவே நீ கதை எழுதாதே. 'தானாகவே நின்றுவிட்டது' என்று மட்டும் எழுது.

உன் மருமகள் பேசிப் பேசி எங்களைக் கொல்கிறாள். உன் பிள்ளைக்கு இரண்டு மாதம் இளையவள், பஸ்ஸைப் பார்த்தால் 'பஸ்ஸு' என்கிறாள், காக்கையைப் பார்த்தாலும் 'பஸ்ஸு' என்கிறாள்.

அன்புடன்,
வெங்கடரமணன்

*

அருப்புக்கோட்டை
20-7-1972

அண்ணனுக்கு, தாமதமாக எழுதுகிறேன். நலம். நலம் அறிய ஆவல்.

செட்டை அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே 'தானாகவே நின்றுவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயரையும் எழுதினேன், இனிஷியலோடு.

பாப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

பாலாமணி

*

நாதமணி ரேடியோ கம்பெனி
புகார்ப் பிரிவு, சென்னை
11-8-1972

பெறுநர்: திரு. ஜோ. சென்னய்யா, அருப்புக்கோட்டை.
பொருள்: தங்கள் செட் பழுது குறித்து.

ஐயா,
தாங்கள் அனுப்பிய செட் பரிசோதிக்கப்பட்டது. ஒலிபெருக்கியின் காகிதம் கிழிந்தும் அதன் கம்பிச்சுருள் கருகியும் உள்ளன. செட் நெடுநாள் முழு ஒலியில் ஓட்டப்பட்டதே காரணம். மேலும், முன்பக்கத் துணி ஒரு குழந்தையின் கையால் சேதப்படுத்தப்பட்டுள்ளது. பழுது 'தானாகவே' ஏற்பட்டதன்று. காரண்டி இதற்குப் பொருந்தாது. தங்கள் விளக்கம் ஏதும் இருப்பின் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
மேனேஜருக்காக
வெ.ர.

*

அருப்புக்கோட்டை
21-8-1972

நாதமணி ரேடியோ கம்பெனி மேனேஜர் அவர்களுக்கு, அவருக்காகக் கையெழுத்துப் போட்ட வெ.ர. அவர்களுக்கும் சேர்த்து, சென்னய்யாவின் மனைவி பாலாமணி, பி.எஸ்ஸி., எழுதுவது. தங்கள் கம்பெனியின் உடல்நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

முழு ஒலியில் ஓட்டியது குற்றம் என்கிறீர்கள். சத்தக் குமிழைச் சுற்றி ஒன்று முதல் பத்து வரை எண் போட்டது நீங்கள். பத்தில் வைக்கக் கூடாதென்றால் பத்து எதற்கு? ஒன்பதோடு நிறுத்தியிருக்கலாமே. இது விசைத்தறி ஓடுகிற வீடு. அடுத்த ஆள் பேசுவது கேட்க வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். இங்கே இரண்டில் வைத்தா ரேடியோ கேட்க முடியும்?

குழந்தை கைபட்டுத் துணி கிழிந்தது என்கிறீர்கள். குழந்தை இல்லாத வீட்டுக்குத்தான் ரேடியோ விற்பீர்களா? நாங்கள் துணி நெய்கிறவர்கள். உங்கள் செட்டின் முன்துணியை என் விரலில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். கொசுவலைக்குக்கூட ஆகாது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் உள்ளங்கையைத் தாங்காத துணிக்கு ஒரு வருஷக் காரண்டி எழுதித் தந்தவர்கள் நீங்கள்.

அட்டையில் எந்த வரியில் 'சத்தமாகக் கேட்கக் கூடாது' என்று இருக்கிறது? எனக்கு வாசிக்கத் தெரியும். காட்டுங்கள்.

பாலாமணி

*

சென்னை
2-9-1972

தங்கைக்கு, எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது கம்பெனிக் கடிதம் இல்லை.

உன் கடிதத்தைச் சங்கையா அண்ணாச்சியிடம் கொடுத்தேன். 'பத்து எதற்கு' என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பக்கத்துப் பொம்பளைகட்ட வாய் குடுக்கக் கூடாதுய்யா" என்றார். பிறகு செட்டை இழுத்து வைத்து எனக்குக் காட்டினார்.

முன்துணியில் கிழிசல் சின்னதுதான். அதைச் சுற்றி ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது, குழந்தையின் உள்ளங்கை அளவில். ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில். "பிச்சு வெளையாண்ட பிள்ளைன்னா தாறுமாறா இழுத்திருக்கும். இது தெனமும் அங்கனயே கைய அமுக்கி வச்சிருந்த பிள்ளை. குமிழும் பத்துலயே நின்னு நின்னு தேஞ்சிருக்கு. பத்துல ஓடுற செட்டு முன்னால நான் ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். பச்சப்பிள்ளை எப்பிடி நின்னுச்சு?" என்று கேட்டார்.

தறி வீட்டுப் பிள்ளை, சத்தம் பழகிவிட்டது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானும் தறித்தெருவுல வாடகைக்கு இருந்தவன்தான். சத்தம் பழகுன பிள்ளை தூங்கும். செட்டோட போயி ஒட்டிக்கிட்டு நிக்காது" என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போனார்.

பாலா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளையைப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறானா?

அண்ணன்

*

சென்னை
9-10-1972

தங்கைக்கு, ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மாப்பிள்ளை சுகமா, அத்தை சுகமா என்று கேட்டு இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. அங்கே மழை பெய்ததா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? நான் எழுதியது மனசைப் புண்படுத்தியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ஆனால் பதில் எழுது. செட்டு என் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது.

அண்ணன்

*

அருப்புக்கோட்டை
10-11-1972

அண்ணனுக்கு, நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நலம்.

நீங்கள் ரேடியோக் கம்பெனியா, குறி சொல்கிற கம்பெனியா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டாம்பும் ஒட்டினேன். பெட்டியில் போடவில்லை. உங்கள்மேல் எனக்கிருந்த கோபம் அவ்வளவு. பாப்பா 'பஸ்ஸு' என்கிறாள் என்று எழுதினீர்களே, அந்த வரிக்காக உங்களை மூன்று வாரம் மன்னிக்கவில்லை. ஒன்றும் அறியாத குழந்தைமேல்கூட எனக்குக் கோபம் வந்தது. நான் எப்படி ஆகிவிட்டேன் பாருங்கள்.

திரும்ப மாட்டான் அண்ணா.

எனக்கு மாசி மாதமே தெரியும். எவர்சில்வர் குடம் அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. நான் துள்ளிவிட்டேன். அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரிடம் சொன்னேன். "தறிச் சத்தம் கேட்டு வளந்தவன் கொடத்துக்கா பயப்படுவான்" என்றார். அத்தையிடம் சொன்னேன். "படிச்சவளுக்கு எதையாச்சும் நோண்டிக்கிட்டே இருக்கணும்" என்றார்கள். அதனால்தான் ரேடியோ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பாட்டுக் கேட்கவா நான் கேட்டேன்? செட்டு வந்த அன்று குமிழைப் பத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இவன் நடந்து போய்த் துணிமேல் கையை வைத்தான். சிரித்தான் அண்ணா, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். அத்தை தெருவுக்கே சீனி கொடுத்தார்கள். நானும் ஒரு வாரம் நம்பினேன். பிறகு பார்த்தேன், கையை எடுத்துவிட்டால் அழுகிறான். வைத்தால் சிரிக்கிறான். தறிக்கூடத்துச் சுவரிலும் அதே மாதிரி கையை வைத்துச் சிரிக்கிறான். சுவரா பாடுகிறது?

அவரிடம் மறுபடி சொன்னேன். "பாட்டுக்குச் சிரிக்கிற பிள்ளைக்கு என்ன கொறை? மதுரைக்குத் தூக்கிக்கிட்டுப் போயி ஊர் வாயில விழணுமா?" என்றார். என் வாயை அடைக்க அவர்களுக்கு உங்கள் ரேடியோ போதுமாக இருந்தது. அது நின்றபோது ஏன் அப்படிக் கத்தினேன் என்று நானே யோசிக்கிறேன். பிள்ளை அழுதான், அது நிஜம். ஆனால் அது பாடிய வரைக்கும் இந்த வீட்டில் 'செவிடு' என்ற சொல் இல்லை. எனக்கும் அந்தச் சொல் வேண்டாமாக இருந்தது. போதுமா?

தீபாவளிக்குத் தெருவில் அணுகுண்டு வெடி வைத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. இவன் மட்டும் நடுத்தெருவில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போய்த் தூக்கினேன். அத்தை, "எம்பேரன் சிங்கக்குட்டி, பயமே அறியாதவன்" என்கிறார்கள். என் கை அவர்களை அடிக்க ஓங்கிவிடுமோ என்று பயந்து உள்ளே போய்விட்டேன்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகக் கேளுங்கள். செட்டைச் சரிசெய்து அனுப்ப வேண்டாம். சரியான செட்டு வந்தால் அவன் கை வைப்பான், சிரிப்பான், இன்னொரு வருஷம் ஓடிவிடும். சங்கையா அண்ணாச்சி உங்களிடம் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்கிறேன். தமிழில், கம்பெனித் தாளில், சீல் போட்டு, உங்கள் மாப்பிள்ளை பெயருக்கு. காரண்டி கிடையாது, ஏன் கிடையாது என்று முழுக் காரணத்தோடு. அவருக்குப் பெண்டாட்டி படித்த படிப்பில் நம்பிக்கை இல்லை. சீலில் உண்டு.

பாலாமணி

*

நாதமணி ரேடியோ கம்பெனி
புகார்ப் பிரிவு, சென்னை
27-11-1972

பெறுநர்: திரு. ஜோ. சென்னய்யா, அருப்புக்கோட்டை.
பொருள்: காரண்டி மறுப்பு.
பார்வை: தங்கள் மனைவியார் 21-8-72இல் எழுதிய கடிதம்.

ஐயா,
தங்கள் செட்டைப் பரிசோதித்தவரின் அறிக்கை கீழே தரப்படுகிறது.

"செட் முழு ஒலியில் ஓடும்போதெல்லாம் ஒரு குழந்தை அதன் முன் ஓர் அடிக்குள் இருந்து, துணியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துள்ளது. பல நாள் இவ்வாறு நடந்துள்ளது. அந்தத் தூரத்தில் அந்த ஒலியைக் காது கேட்கும் குழந்தை பொறுக்காது. குழந்தை ஒலியைக் கேட்கவில்லை, துணியின் அதிர்வைக் கையால் அறிந்துள்ளது என்பது என் கருத்து. ஒலிபெருக்கியைச் செய்ததில் குறை இல்லை. குழந்தையின்மேலும் தவறு இல்லை. காரண்டி விதிகளில் இதற்கு இடமில்லை. குழந்தையை உடனே காது மருத்துவரிடம் காட்டவும். ஒப்பம்: மு. சங்கையா, பரிசோதகர்."

இத்தகைய அறிக்கைகள் வாடிக்கையாளருக்கு அனுப்பப்படுவதில்லை. இது விசேஷமாக அனுப்பப்படுகிறது.

இங்ஙனம்,
மேனேஜருக்காக
வெ.ர.
(சீல்)

*

அருப்புக்கோட்டை
18-12-1972

அண்ணனுக்கு, மதினிக்கு, பாப்பாவுக்கு, சங்கையா அண்ணாச்சிக்கு, எல்லாருக்கும் பாலாமணியின் வணக்கம். இந்தத் தடவையும் தாமதம்தான், ஆனால் காரணம் இருக்கிறது.

தபால்காரர் கவரை அவர் கையிலேயே கொடுத்தார். தறியை ஓட்டிக்கொண்டே படித்தார். ஒரு தடவை படித்தார், சீலைத் தடவிப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு இரண்டு தறியையும் நிறுத்தினார். கரண்ட் இருக்கும்போது அந்தத் தறிகள் பகலில் நின்று நான் பார்த்ததில்லை. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள்.

"என்னடா, நூல் அந்துருச்சா?"

அவர் படித்துக் காட்டினார். அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. "ரேடியோ ரிப்பேர் பாக்குறவன் எம்பேரன் காதைப் பத்தி எழுதுவானா? இவ அண்ணங்காரன் அங்கதான இருக்கான். இவ எழுதச் சொன்னா, அவன் எழுதிட்டான்."

"ஆமா, நாந்தான் எழுதச் சொன்னேன்" என்றேன். "எழுதுனதுல எது பொய்யின்னு சொல்லுங்க."

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பிள்ளை முற்றத்தில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நூல் தீர்ந்த தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவர் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, எப்போதும் கொஞ்சிக் கூப்பிடுவது போல "நைனா" என்றார். தறி நின்ற வீட்டில் அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நைனா" என்று மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை கத்தினார். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் வாசலில் வந்து, "என்ன, கூப்பிட்டீகளா?" என்று எட்டிப் பார்த்தாள். தெருநாய் எழுந்து நின்றது. பிள்ளை குச்சி அடுக்கினான்.

"தறிய ஓட்டுடா" என்றார்கள் அத்தை. "எதுக்கு நிறுத்தி வச்சிருக்க, ஓட்டுடா." அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் தரையில் அமர்ந்து பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி, இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் அவர் நெஞ்சில் கையை வைத்தான், ரேடியோவில் வைப்பது போலவே. சிரித்தான். அவர் அழுதார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது அண்ணா. மாசியிலிருந்து நான் சொன்னேன். ஒரு ரப்பர் சீல் ஒரு நாளில் சொன்னதை நான் பத்து மாதம் சொன்னேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "தப்புத்தான்" என்றார். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைக்கிறார். தீரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். டாக்டர் மணியடித்தார், கொட்டு அடித்தார். வலது காதில் ஒன்றும் இல்லை என்கிறார். இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இருக்கிறதாம். "நாலு வயசுல தூக்கிட்டு வருவாங்க. நீங்க சீக்கிரமா வந்துட்டீங்கம்மா" என்றார். சீக்கிரமாம். நான் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவரும் ஒரு கடிதம் எழுதி இதில் வைக்கச் சொன்னார். கல்யாணத்திற்குப் பிறகு அவர் எழுதி நான் பார்க்கும் முதல் கடிதம். நான் திருத்தவில்லை.

பாலாமணி

*

அருப்புக்கோட்டை
18-12-72

மச்சானுக்கு சென்னய்யா எழுதிக்கிட்டது. எல்லாரும் சுகமா. காயிதம் கிடைச்சது. காரண்டி இல்லைன்னு எழுதுனது சரி. அதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை.

செட்டை நம்ம செலவுல சரி பண்ணி அனுப்புங்க. பிள்ளைக்கு அது வேணும். எங்கம்மாவும் கேக்குது.

முன்னால போட்டிருக்கிற துணி ஆகாது. பாலாமணி சொன்னது சரிதான். இத்தோட ஒரு முழம் துணி வச்சிருக்கேன். நம்ம தறியில நேத்து நெய்தது, ரெட்டை இழை. சங்கையா அண்ணாச்சிட்ட குடுத்து இதையே ஒட்டச் சொல்லுங்க. எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும்.

குமிழுல பத்து அப்படியே இருக்கட்டும். நாங்க பத்துலதான் வப்போம்.

இப்படிக்கு
ஜோ. சென்னய்யா